அடுத்தவர் முகம் மாறினால் என் வயிறு கலங்கும்

கதவு சாத்தும் சத்தத்தை வைத்தே வருகிறவர் என்ன மூடில் வருகிறார் என்று சொல்லிவிடும் ஆட்கள் உண்டு. நான் அந்த ரகம். சாவியை மேசையில் வைக்கிறாரா, போடுகிறாரா? 'ம்' என்று சொன்னது வழக்கமான 'ம்'மா, இத்தோடு பேச்சை முடி என்கிற 'ம்'மா? இதையெல்லாம் நான் உட்கார்ந்து ஆராய்வதில்லை. தானாகக் காதில் விழுகிறது. விழுந்த கையோடு வயிறு இறுகும், தோள்பட்டை தூக்கிக்கொள்ளும், செய்துகொண்டிருந்த வேலையில் கை ஓடாது. எதிரில் இருப்பவரின் சிடுசிடுப்பு தணியும்வரை எனக்கும் தணியாது. பல நேரங்களில் அவர் அதை மறந்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்த பிறகும் எனக்கு உள்ளே உதறிக்கொண்டிருக்கும்.

சின்ன வயதில் எனக்கு வைத்த பெயர் தொட்டாற்சுருங்கி. வளர்ந்த பிறகு அதுவே 'ரொம்ப சென்சிட்டிவ்' ஆனது. கூடவே எல்லாரும் இலவசமாகத் தரும் அறிவுரை ஒன்று: "எதையும் மனசுல போட்டுக்காதே." சொல்வது சுலபம். நானாக எடுத்துப் போட்டுக்கொண்டால்தானே போடாமல் இருப்பதற்கு? கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு 'பார்க்காதே' என்றால் எப்படி? இத்தனை வருடத்தில் நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான். கவனிப்பதை என்னால் நிறுத்த முடியாது, நிறுத்த முயன்று களைத்துப்போனதுதான் மிச்சம். ஆனால் கவனித்த அடுத்த நிமிடம் நான் என்ன செய்கிறேன் என்பது ஓரளவு என் கையில் இருக்கிறது.

இந்தச் சுபாவத்தை ஆராய்ச்சியாளர்கள் ஒதுக்கிவிடவில்லை. அமெரிக்க உளவியலாளர் எலைன் ஏரன் தன் கணவர் ஆர்தர் ஏரனோடு சேர்ந்து 1997இல் வெளியிட்ட கட்டுரையில் இதை ஒரு பிறவிக் குணமாக வரையறுத்தார். புலன்கள் கொண்டுவருவதை மூளை ஆழமாக அசைபோடும் குணம் என்பது சுருக்கம். அதை அளக்க அவர்கள் தயாரித்த 27 கேள்விகளில் மூன்றாவதே, மற்றவர்களின் மனநிலை உங்களைப் பாதிக்கிறதா என்பதுதான். மற்றவை பெரும்பாலும் சத்தம், வெளிச்சம், வலி, காபி, ஒரே நேரத்தில் குவியும் வேலை என்று போகும். 2018இல் வந்த ஓர் ஆய்வு, பங்கேற்ற பெரியவர்களை மூன்று கூட்டமாகப் பிரித்தது: சுமார் 31 சதவீதம் அதிக உணர்திறன், 40 சதவீதம் நடுத்தரம், 29 சதவீதம் குறைவு. ஆக நாம் ஒன்றும் அபூர்வப் பிறவி இல்லை. மனநல மருத்துவர்கள் நோய்களை வகைப்படுத்தும் பட்டியல்களிலும் இது கிடையாது. இது நோயும் இல்லை, வரமும் இல்லை. இணையத்தில் 'நீங்கள் ஓர் எம்பாத்தா?', அதாவது அடுத்தவர் உணர்வைத் தன்னுடையதாகவே உணரும் ஆளா என்று கேட்டு, ஆமாம் என்றால் சுற்றி இருப்பவர்களையெல்லாம் சக்தி உறிஞ்சிகள் என்று முத்திரை குத்தச் சொல்லும் பக்கங்களைக் கண்டாலே எனக்கு ஒவ்வாது. நம்மைக் கொஞ்சம் உயரத்தில் ஏற்றி வைப்பதைத் தவிர அவற்றால் காலணாப் பிரயோஜனம் இல்லை.

எனக்கு உண்மையிலேயே ஆறுதல் தந்தது வேறொரு ஆராய்ச்சி. ஸ்வீடனின் உப்சாலாவில் உல்ஃப் டிம்பெர்க்கின் குழு, சிரிக்கும் முகத்தையும் கோப முகத்தையும் வெறும் 30 மில்லிநொடி மட்டும் காட்டி, உடனே சாதாரண முகம் ஒன்றால் மறைத்துவிட்டது. பார்த்தவர்களுக்கு எதைப் பார்த்தோம் என்றே தெரியாது. ஆனாலும் அவர்கள் கன்னத்திலும் புருவத்திலும் ஒட்டியிருந்த மின்முனைகள், அந்தந்த முகத்துக்கு ஏற்றபடி தசைகள் லேசாக அசைந்ததைப் பதிவு செய்தன. 2000ஆம் ஆண்டில் வெளியான முடிவு இது. அதாவது எதிராளியின் முகம் நம் முகத்தில் ஏறிக்கொள்வது, புத்தி விழித்துக்கொள்வதற்கு முன்பே நடக்கிறது. எல்லாருக்கும் நடக்கிறது. 'நீ ஏன் இப்படி இருக்கிறாய்' என்று என்னை நானே திட்டிக்கொள்வதை அதைப் படித்த பிறகு வெகுவாகக் குறைத்துவிட்டேன்.

அதிலிருந்தே முதல் பழக்கமும் வந்தது. யாராவது கடுகடுவென்று இருக்கும் இடத்தில் நான் முதலில் என் முகத்தைத்தான் கவனிக்கிறேன். புருவம் நெரிந்திருக்கும், பல் கடித்திருக்கும். தளர்த்திவிடுகிறேன். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்குகிறேன். அப்புறம் மனதுக்குள் இரண்டு வாக்கியம்: "அவருக்கு எரிச்சல். எனக்குப் பயம்." அவ்வளவுதான். கேட்க அற்பமாக இருக்கும், எனக்கும் இருந்தது. ஆனால் கோப முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொன்னவர்களின் மூளையில் அபாயமணி அடிக்கும் அமிக்டலா சற்று அடங்குகிறது என்று மாத்யூ லீபர்மன் குழு 2007இல் காட்டியிருக்கிறது. என் அனுபவத்தில் முக்கியம் அந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே வரும் முற்றுப்புள்ளி. அவருடையது எது, என்னுடையது எது என்று பிரிகிற இடம் அதுதான். அதற்கு முன்பெல்லாம் இரண்டும் ஒரே கலவையாக என் வயிற்றில்தான் கிடக்கும்.

அடுத்தது, இதைவிடப் பெரிய விஷயம். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று ஒரு சொல்வழக்கு இருக்கிறதே, அது பாதிதான் சரி. ஏதோ இருக்கிறது என்பது தெரியும். என்ன இருக்கிறது என்பது தெரியாது. என்னைப் போன்றவர்கள் முதலாவதில் கில்லாடிகள், அந்தத் தெம்பில் இரண்டாவதையும் நாமே எழுதிவிடுகிறோம். பெரும்பாலும் அந்தக் கதையின் கதாநாயகி நானாகத்தான் இருப்பேன்: என்னால்தான், என்மேல்தான், நான் அன்றைக்குச் சொன்னதால்தான்.

அலுவலகத்தில் ஒருநாள் என் மேலதிகாரி நான் தயாரித்த கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக இரண்டு வார்த்தை ஜோக் அடிக்கிற மனிதர். அன்று உதடு ஒரு பக்கமாக இறுகியிருந்தது. பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டார். கேட்ட கேள்விகளுக்கு ஒற்றைச் சொல்லில் பதில். கூட்டம் முடிந்து எல்லாரும் எழுந்த பிறகு, "சார், கணக்குல ஏதாவது திருத்தணுமா? இல்ல, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டேன். அவர் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். "காலையில பல்லு பிடுங்கினாங்கம்மா. பாதி உதடு இன்னும் மரத்துப்போய் இருக்கு. பேசினா உளறுது. கணக்கு நல்லாத்தான் இருக்கு." கேட்காமல் வந்திருந்தால் அன்று இரவு தூக்கம் போயிருக்கும். அடுத்த நாள் யாரும் கேட்காத திருத்தங்களோடு போய் நின்றிருப்பேன்.

இதுவும் சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம்தான். 2018இல் டால் எயல், மேரி ஸ்டெஃபல், நிக்கலஸ் எப்லி மூவரும் 25 சோதனைகளின் முடிவை வெளியிட்டார்கள். 'அவர் இடத்தில் உன்னை வைத்துப் பார்' என்று சொல்கிறோமே, அப்படி வைத்துப் பார்ப்பதால் ஊகம் கூடுதல் சரியாக வருவதில்லை. நேரே கேட்டுத் தெரிந்துகொண்டபோதுதான் சரியாக வந்தது. 'கேட்காமலே புரிந்துகொள்கிறவள்' என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்த எனக்கு இது கொஞ்சம் குட்டு வைத்த மாதிரிதான் இருந்தது.

கேட்பதிலும் பக்குவம் வேண்டும். "என்மேல கோபமா?" என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். அந்தக் கேள்வி, ஏற்கெனவே நொந்துபோய் இருப்பவர் தலையில் என்னைச் சமாதானப்படுத்தும் வேலையையும் ஏற்றிவிடுகிறது. அவர் "இல்லை" என்பார், நான் நம்ப மாட்டேன், மறுபடி கேட்பேன், மூன்றாவது தடவை அவருக்கு உண்மையிலேயே என்மேல் கோபம் வந்துவிடும். இப்போது நான் கேட்கும் விதம்: "இன்னைக்கு முகம் வாடியிருக்கு. பேசணும்னா சொல்லு, இல்லன்னா விட்டுடறேன்." இதில் இரண்டாவது பாதியை மனப்பூர்வமாகச் சொல்ல வேண்டும். 'விட்டுடறேன்' என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது விட்டதாகாது.

இங்கே பலர் பேசாத ஒரு பக்கம் உண்டு. நம்மோடு வாழ்கிறவர்களுக்கு இது எப்படி இருக்கும்? ஒருநாள் என் கணவர் பொறுக்க முடியாமல் சொன்னார்: "இந்த வீட்டுல பத்து நிமிஷம் சும்மா கடுப்பா இருக்கக்கூட எனக்கு உரிமை இல்லையா?" அவர் நாற்காலியில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். நான் இதற்குள் இரண்டு முறை எட்டிப் பார்த்தாயிற்று, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாயிற்று, டிவி சத்தத்தைக் குறைத்தாயிற்று. என் கணக்கில் அது அக்கறை. அவர் கணக்கில் அது கண்காணிப்பு. யோசித்தால் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நான் அவரைச் சரிசெய்யப் புறப்பட்டதில் பாதி அவருக்காக, மீதிப் பாதி என் வயிறு அடங்குவதற்காக. மார்க் டேவிஸ் என்ற உளவியலாளர் 1980களின் தொடக்கத்தில் பரிவை நான்கு கூறாகப் பிரித்து அளந்தபோது, அடுத்தவர்மேல் படும் அக்கறையையும் அடுத்தவர் துயரைக் கண்டு நமக்கே ஏற்படும் தவிப்பையும் தனித்தனியாக வைத்தார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். உள்ளே இருப்பவருக்குத்தான் வித்தியாசம் தெரியும், அதுவும் நேர்மையாகப் பார்த்தால்.

அன்றைய பேச்சில் நாங்கள் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். வீட்டுக்குள் வரும்போது மூடு சரியில்லை என்றால் அவர் ஒரு வரி வானிலை அறிக்கை வாசித்துவிட வேண்டும்: "ஆபீஸ் விஷயம், உன்னால இல்ல, சாப்பிட்டா சரியாயிடும்." காரணம் விளக்க வேண்டியதில்லை. அந்த வரி வந்துவிட்டால் நான் கேள்வி கேட்கக் கூடாது, எட்டிப் பார்க்கக் கூடாது. எனக்குத் தாங்கவில்லை என்றால் நான்தான் வேறு அறைக்கோ மொட்டை மாடிக்கோ போக வேண்டும். அவரை மாற்ற முயலக் கூடாது. ஆரம்பத்தில் அவர் அடிக்கடி மறந்துவிடுவார், நான் அடிக்கடி எட்டிப் பார்த்துவிடுவேன். இப்போது பெரும்பாலும் நடக்கிறது. எங்கள் வீட்டில் சண்டை குறைந்ததற்கு வேறு எந்தத் தத்துவமும் காரணமில்லை, இந்த ஒரு வரிதான்.

துக்கத்தில் இருப்பவர்களோடு உட்காருவது இன்னொரு தனிக் கலை. என் தோழி ஒருத்தி அவள் அப்பா படுக்கையில் விழுந்திருந்த மாதங்களில் இரவு இரவாகப் போன் செய்வாள். அவள் அழுதால் நானும் அழுவேன். அவள் வைத்துவிட்டுத் தூங்கிவிடுவாள், நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். கொஞ்ச நாளில் அவள் பெயர் திரையில் வந்தாலே எடுக்கத் தயங்க ஆரம்பித்தேன். அளவுக்கு மீறி உணர்கிறவர்கள் கடைசியில் தப்பி ஓடுவது இதனால்தான். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு அது கல்நெஞ்சம் மாதிரித் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் ஓல்கா கிளிமெக்கி, டானியா சிங்கர் ஆகியோரின் பரிசோதனையைப் பற்றி வாசித்தேன். துன்பப்படும் மனிதர்களின் காட்சிகளைக் காட்டி, முதலில் அந்த வலியைக் கூடவே உணரும் பயிற்சி கொடுத்தார்கள். பங்கேற்றவர்களின் மனம் கனத்தது. அடுத்து, அவர்களுக்கு நல்லது நடக்கட்டும் என்று வாஞ்சையோடு நினைக்கும் பயிற்சி. கனம் குறைந்து நல்லுணர்வு கூடியது. மூளையிலும் இரண்டுக்கும் வெவ்வேறு பகுதிகள் வேலை செய்தன. நான் இதை எனக்குத் தெரிந்த அளவில் கடைப்பிடித்தேன். தோழி பேசும்போது போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிடுவேன், காதோடு அழுத்திப் பிடிப்பதில்லை. இரண்டு பாதமும் தரையில் படும்படி உட்காருவேன். 'ஐயோ, இப்படி ஆயிடுச்சே' என்று அவளோடு சேர்ந்து மூழ்குவதற்குப் பதிலாக 'இவளுக்கு இன்றைக்கு நல்ல தூக்கம் வரட்டும்' என்று நினைத்துக்கொண்டே கேட்பேன். பேச ஆரம்பிக்கும்போதே, "அரை மணி நேரம் இருக்கேன்டி, அப்புறம் படுக்கணும்" என்று சொல்லிவிடுவேன். அவள் தவறாக எடுத்துக்கொள்வாளோ என்று பயந்தேன். அவள் சொன்னாள்: "நீ அழாம கேக்குறப்பதான் எனக்குப் பேச முடியுது. முன்னாடியெல்லாம் உன்னையும் தேத்த வேண்டியிருக்கும்."

மெசேஜ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'சரி' என்பதற்கும் புள்ளி வைத்த 'சரி.' என்பதற்கும் நடுவே நான் கட்டியிருக்கும் கோட்டைகளுக்கு அளவே இல்லை. ஜஸ்டின் க்ரூகரும் எப்லியும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், மின்னஞ்சலில் தாங்கள் கேலியாகச் சொல்கிறோமா நிஜமாகச் சொல்கிறோமா என்பது 78 சதவீதம் சரியாகப் போய்ச் சேரும் என்று எழுதியவர்கள் நினைத்தார்கள். சேர்ந்தது 56 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றைச் சொன்னாலே 50 வருமே! எழுத்தில் குரல் இல்லை, முகம் இல்லை. நமக்குத் துப்புத் தருவதே அவைதான். அதனால் எழுத்தை வைத்து மூடு பார்ப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். உறுத்தினால் போன் போட்டுப் பேசிவிடுகிறேன்.

தூக்கம் கெட்ட நாளில் இந்தக் குணம் இரட்டிப்பாகும், கூடவே பொய்யும் சொல்லும். ஓர் இரவு விழித்திருந்தவர்கள் மிரட்டும் முகத்துக்கும் நட்பான முகத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சரியாகப் பிரிக்க முடியாமல் தடுமாறியதாக 2015இல் ஓர் ஆய்வு வந்தது. தூங்காத நாளில் என் கண்ணுக்கு உலகமே என்மேல் கோபமாக இருக்கும். அன்றைக்கு எந்த முகத்தைப் பற்றியும் எந்த முடிவுக்கும் வருவதில்லை. பசியும் அப்படியே. யாராவது என்னை வெறுக்கிறார்கள் என்று தோன்றினால் முதல் கேள்வி, கடைசியாக எப்போது சாப்பிட்டேன் என்பதுதான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சிலருக்கு இந்தக் கூர்மை பிறவிக் குணமாக வருவதில்லை, பிழைப்பதற்காக வருகிறது. வீட்டில் அடி வாங்கி வளர்ந்த குழந்தைகள், கோபம் முகத்தில் முழுதாக வெளிப்படும் முன்பே, மிகக் குறைந்த தடயத்திலேயே அதைக் கண்டுபிடித்துவிடுவதை சேத் பொலாக் 2002இல் காட்டினார். அவர்களுக்கு அது தேவைப்பட்டது. இன்றும் நீங்கள் இருக்கும் வீட்டில் ஒருவரின் மூடு மாறினால் பாத்திரம் பறக்கும், கை ஓங்கும் என்றால், மேலே நான் எழுதிய மூச்சும் முகத் தளர்ச்சியும் உங்களுக்கானவை அல்ல. உங்கள் வயிறு சொல்வது சரி. அங்கே மாற வேண்டியது உங்கள் சுபாவம் இல்லை, அங்கிருந்து வெளியே வர ஆள்துணை வேண்டும். அதே மாதிரி, எல்லாரும் நல்லபடியாக இருக்கும் இடத்திலும் பதற்றம் ஓயவில்லை, தூக்கம் தொடர்ந்து போகிறது, ஆட்களைப் பார்ப்பதையே தவிர்க்கிறோம் என்றால் அதைச் சுபாவம் என்று விட்டுவிடாமல் உளவியல் ஆலோசகரைப் பார்ப்பது நல்லது. "நீ ரொம்ப சென்சிட்டிவ்" என்று சொல்லிச் சொல்லியே தான் செய்த காயத்தை மூடி மறைப்பவர்களும் இருக்கிறார்கள். சொல்கிறவர் யார், எப்போதெல்லாம் சொல்கிறார் என்று பாருங்கள்.

என் மகளுக்கும் இந்தக் குணம் வந்திருக்கிறது. நான் பேசாமல் துணி மடித்தால் பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, உனக்கு என்ன?" என்பாள். "ஒண்ணுமில்ல" என்று சொல்லும் பழக்கத்தை விட்டுவிட்டேன். அவள் பார்த்தது சரி. அதைப் பொய் என்று நானே சொன்னால் அவள் தன் கண்ணை நம்புவதா, அம்மாவை நம்புவதா? "ஆமாம், அம்மாவுக்குக் களைப்பு. நீ காரணமில்ல, நீ எதுவும் செய்யவும் வேண்டாம். போய் விளையாடு" என்கிறேன். மூன்றும் அவளுக்குத் தேவை: பார்த்தது சரி, உன்னால் இல்லை, சரிசெய்வது உன் வேலை இல்லை. நடுவில் உள்ளதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திய நாட்களில் எனக்காகப் படம் வரைந்து எடுத்துக்கொண்டு வந்து நிற்பாள்.

கடைசியாக ஒன்று. ஒட்டிக்கொள்வது கோபமும் அழுகையும் மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம், உற்சாகமும் ஒட்டிக்கொள்ளும். நாலு பேர் சேர்ந்து கண்கள் மின்ன ஒரு திட்டம் பேசினால் எனக்கும் அதே மின்னல் வந்துவிடும். "நானும் வர்றேன், நானே பார்த்துக்கிறேன்" என்று வாய் முந்திக்கொள்ளும். வீட்டுக்கு வந்து, அவர்கள் யாரும் பக்கத்தில் இல்லாதபோதுதான் எனக்கு அதில் துளி ஆசையும் இல்லை என்பது உறைக்கும். இதற்கு நான் வைத்திருக்கும் விதி: கூட்டத்தில் எதற்கும் உடனே சரி சொல்வதில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்கிறேன். மறுநாள் காலை, தனியாக இருக்கும்போது அந்த ஆசை இன்னும் இருந்தால் அது என்னுடையது. தோழிகளுக்கு இதில் ஏக எரிச்சல். ஒரு சினிமாவுக்கு வருவதற்குக்கூடவா ஒரு நாள் யோசிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். சினிமாவுக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருக்கிறேன்.